கருவியும் காரணமும்

ஒரு பொருள் இன்னவாறு அமைந்ததற்குக் காரணம் யாது என்னும் வினா, தர்க்க சாஸ்திரம் தோன்றிய நாள் முதல் நம் முன்னோரை விடாது பற்றி நின்ற வினாவாகும். குடம் ஒன்று உண்டாவதற்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று மூன்றாகப் பிரித்து, அம்மூன்றனைக் கொண்டே உலகத் தோற்றத்தையும் விளக்கப் புகுந்தது சைவ சித்தாந்தம். இவற்றுள் மண்ணின் பெருமையைப் பேசியவர் பலர். குயவனின் பெருமையைப் பேசியவர் அதனினும் பலர். இடையே நின்று சுழன்ற சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னவர் அரியர். வேலை முடிந்தபின் மூலையில் சாத்தி வைக்கப்படும் பொருளுக்கு ஆக்கத்தில் என்ன பங்கு இருத்தல் கூடும் என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் பிழையானது என்பதையும், அப்பிழை தர்க்கப் பிழையாக மட்டும் நில்லாது அறப்பிழையாகவும் முடிகிறது என்பதையும், நம் காலத்து மருந்துத் தொழில் ஒன்றைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சப்ரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை மலைகளிலும் இறப்பர் மலைகளிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இவ்வாராய்ச்சியைப் பாம்புக்கடியிலிருந்து தொடங்குவதே இயல்பு. மழை ஓயாத இந்த ஈரவலயத்தில், மரத்தடியில் மக்கிக் கிடக்கும் சருகுகளுக்கிடையே, மூக்கு நுனி மேல்நோக்கி எழும்பிய சிறு விரியன் ஒன்று, ஏறத்தாழ இரண்டு சாண் நீளமே உடையதாய், சருகோடு சருகாகச் சுருண்டு கிடக்கும். தமிழில் கோப்பி விரியன் என்றும் சிங்களத்தில் குணகடுவா, பொலொன் தெலிஸ்ஸா என்றும் வழங்கும் இப்பாம்பு, இலங்கையில் வேறெந்த விஷப்பாம்பையும் விட அதிகமான மனிதரைத் தீண்டுவது. விடியுமுன் பால் வெட்டப் புறப்பட்டவரின் பாதத்திலும், புல் வெட்டக் குனிந்தவரின் விரலிலும் அதன் பல் படுகிறது. பெரும்பாலோருக்குக் கடிவாய் வீங்கி, சில நாளில் ஆறிவிடும். சிலருக்கோ இரத்தம் உறையும் தன்மை கெட்டு, சிறுநீரகம் செயலற்று, உயிரே ஊசலாடும் நிலை நேரும்.

இவ்விரியனின் நஞ்சுக்கென்று ஒரு மாற்று மருந்து ஆஸ்பத்திரிகளில் வழக்கத்தில் இல்லை. நாகமும் கண்ணாடி விரியனும் தீண்டியவர்க்கு ஏற்றப்படும் மருந்து இந்தியாவில் செய்யப்படுவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சை முறிப்பதற்காக ஆக்கப்பட்ட அம்மருந்து, கோப்பி விரியனின் நஞ்சின்முன் பயன்படுவதில்லை. அது ஏன் என்று கேட்டால், மருந்தின் பிறப்பைச் சொல்ல வேண்டும். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-ஆம் ஆண்டு இருளர் மக்களைக் கொண்டு அமைந்த பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து நஞ்சு எடுக்கப்படுகிறது. அந்நஞ்சைத் தீங்கு விளைக்காத அளவில், வாரக்கணக்காகச் சிறுகச் சிறுகக் குதிரையின் உடம்பில் ஏற்றுகிறார்கள். தன்னுள் புகுந்த அந்நியப் பொருளை எதிர்த்துக் குதிரையின் உடல் ஒருவகைப் புரதங்களை உண்டாக்குகிறது; அவற்றையே பிறபொருளெதிரி என்கிறோம். கழுத்து நாளத்திலிருந்து குருதியை இறக்கி, செங்கலங்களைப் பிரித்துக் குதிரைக்கே திரும்பச் செலுத்திவிட்டு, எஞ்சிய மஞ்சள் நிறத் தெளிவைப் பெப்சின் என்னும் நொதியத்தால் வெட்டி, சுத்தி செய்து, உலர்த்திக் குப்பியில் அடைக்கிறார்கள். குதிரை சந்தித்திராத நஞ்சுக்குக் குதிரையிடம் விடை இருக்க நியாயமில்லை. கண்ணாடி விரியன் இரு நாட்டுக்கும் பொதுவென்றாலும், இலங்கையில் அது தீண்டும்போது இமை சாய்தல் முதலான நரம்பு விஷக் குறிகள் இந்தியாவின் பல பகுதிகளைவிட மிகுதியாகத் தோன்றுவதை நம் வைத்தியர் அறிவர். நஞ்சிலேயே நிலத்தின் சாயல் படிந்திருக்கிறது. அந்நஞ்சால் பயின்ற மருந்திலும் அந்நிலமே படிகிறது.

நிலத்தின் சாயல் ஒருபுறமிருக்க, குதிரையின் சாயலும் அம்மருந்தில் உண்டு. குதிரை தன் வாழ்நாளில் எதிர்த்து நின்ற நோய்கள், தூசுகள், கிருமிகள் அனைத்துக்கும் உரிய பிறபொருளெதிரிகளும் அத்தெளிவில் கலந்தே வருகின்றன. நஞ்சை முறிக்க வல்லவை அவற்றுள் ஒரு சிறு பங்கே. அன்றியும், அது குதிரையின் புரதமாதலால் மனித உடல் அதனை அந்நியமென்றே காண்கிறது. இலங்கை ஆஸ்பத்திரிகள் மூன்றில் 1007 நோயாளரைக் கொண்டு நடத்தி 2011-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், மருந்து ஏற்றப்பட்டவருள் ஏறத்தாழ நால்வருக்கு மூவர் ஒவ்வாமைக் குறிகள் கண்டனர் என்றும், முன்கூட்டியே சிறிய அளவில் அட்றினலின் கொடுத்தால் கடுமையான விளைவுகள் குறையும் என்றும் தெரியவந்தது. உயிரைக் காக்க வந்த மருந்தே உடம்பெங்கும் தடிப்பும் நடுக்கமும் மூச்சுத் திணறலும் தருவதைப் பார்த்த தாய்மார், ஊசியைக் கண்டு அஞ்சுவது அறியாமையன்று. மருந்தின் பின்னே நிற்கும் இன்னொரு பிராணியின் இருப்பை அவர்கள் தம் பிள்ளையின் உடம்பிலே கண்டுவிட்டார்கள்.

இந்த இடர்ப்பாட்டினின்றும் மருத்துவத்தை விடுவிக்க எழுந்ததே கலங்களைக் கொண்டு பிறபொருளெதிரி ஆக்கும் முறை. தமிழ்நாட்டார் உயிரணு என்பதை நாம் இங்கே கலம் என்கிறோம். 1975-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் நகரில் கேலரும் மில்ஸ்டைனும், பிறபொருளெதிரி சுரக்கும் எலியின் கலமொன்றை, ஓயாது பெருகும் புற்றுக் கலமொன்றோடு இணைத்து, இரண்டின் குணமும் ஒருங்கே அமைந்த ஒரு வமிசத்தை உண்டாக்கினர்; அதற்காக 1984-இல் நோபல் பரிசும் பெற்றனர். அதன்பின் பரம்பரையலகுகளை ஒரு கலத்திலிருந்து வேறொன்றுக்கு மாற்றும் வித்தை கைவரவே, பிறபொருளெதிரியின் அமைப்பை விதிக்கும் பரம்பரையலகை எந்தக் கலத்தினுள்ளும் புகுத்தி வேலை வாங்கலாம் என்னும் நிலை வந்தது. அவ்வேலைக்கு உலகம் மிகுதியாகத் தெரிந்தெடுத்தது சீனத்து ஹாம்ஸ்டர் என்னும் எலியினச் சிற்றுயிரின் சூலகக் கலங்களையே. உள்நாட்டுப் போர் மூண்டிருந்த சீனத்திலிருந்து 1948-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா சேர்ந்த ஹாம்ஸ்டர்களின் சந்ததியில் ஒரு பெண் ஹாம்ஸ்டரின் சூலகத்திலிருந்து, 1957-இல் டென்வர் நகரில் தியடோர் பக் என்னும் அறிஞர் எடுத்து வளர்த்த கலங்களே இன்று சி.எச்.ஓ. என்னும் பெயரோடு உலகெங்கும் பெருகி நிற்கின்றன. பதினாயிரம் லீற்றர் கொள்ளும் உருக்குத் தொட்டிகளில், இளஞ்சூட்டில், ஏறக்குறைய இரண்டு வாரம் அவை மிதந்து பெருகிப் புரதம் சுரக்கின்றன.

இவ்விடத்திலேதான் தத்துவம் கவனிக்க வேண்டிய செய்தி கிடைக்கிறது. பரம்பரையலகு ஒன்றே, அதனை ஆயிரம் ஹாம்ஸ்டர்க் கலங்களுக்குள் செலுத்துகிறோம், விதி ஒன்றாக இருப்பதால் ஆயிரமும் ஒரே அளவில், ஒரே தரத்தில் சுரக்கும் என்று எதிர்பார்ப்பது முறையல்லவா? அவ்வாறு நிகழ்வதில்லை. புகுந்த அலகு நிறமூர்த்தத்தின் எந்த இடத்தில் சென்று பதிந்ததோ, அந்த இடத்தின் இயல்புக்கேற்ப ஒரு கலம் தாராளமாகச் சுரக்கிறது. மற்றொன்று வாய்மூடி நிற்கிறது. நன்றாகச் சுரந்த கலமும் தலைமுறைகள் பல கடந்தபின் அந்த அலகின் பிரதிகளை இழந்தோ, அடக்கி வைத்தோ தளர்ந்துவிடுவதுண்டு. பிறபொருளெதிரி நான்கு சங்கிலிகளால் ஆனது. பாரமான இரண்டும் இலேசான இரண்டும் முறையாக மடிந்து கூட வேண்டும். இலேசான சங்கிலி வந்து சேரும்வரை பாரமான சங்கிலியைக் கலத்தினுள்ளிருக்கும் காவற்புரதம் ஒன்று வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அந்தக் காவலும் மடிப்பு வேலையும் ஒரு கலத்தில் விரைவாக நடக்கின்றன. மற்றொன்றில் நெரிசலுண்டாகி வேலை தடைப்படுகிறது. ஒன்று சர்க்கரையை உண்டு புளிப்பைக் கக்கித் தன் தொட்டியையே கெடுத்துக்கொள்கிறது. மற்றொன்று கக்கிய புளிப்பையே மீண்டும் உணவாகக் கொள்கிறது. சிறிது குளிர்ச்சி தந்தால் பெருக்கத்தை நிறுத்திக்கொண்டு சுரப்பைக் கூட்டுவனவும் உண்டு. ஆகவே, மருந்துத் தொழிலாளர் நூற்றுக்கணக்கான, சிலவேளை ஆயிரக்கணக்கான கலங்களைத் தனித்தனியே வளர்த்து, அளவு, தரம், நிலைபேறு என்னும் மூன்றையும் ஆராய்ந்து, ஒன்றைத் தெரிந்து, அதன் சந்ததியைத் திரவ நைதரசனில், பூச்சியத்துக்குக் கீழே 196 பாகைக் குளிரில் சேமித்து வைக்கிறார்கள். 1980-களின் நடுவில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் அளவில் நின்ற விளைச்சல் இன்று லீற்றருக்குப் பல கிராம் என்று உயர்ந்ததற்கு, கலத்தின் குணத்தைக் கேட்டறிந்து நடக்கக் கற்றதும், அதற்கேற்ற உணவைக் கண்டதுமே பெருங்காரணம்.

அளவோடு நின்றிருந்தால், இது விளைச்சல் பற்றிய பேச்சு என்று தத்துவம் விலகிப் போயிருக்கலாம். ஆனால் தரத்திலும் கலம் தன் கையெழுத்தை இட்டே அனுப்புகிறது. பிறபொருளெதிரியின்மீது சிறு சர்க்கரைக் கிளைகள் பொருத்தப்படுகின்றன. அவற்றின் வடிவைப் பரம்பரையலகு விதிப்பதில்லை. கலத்தினுள்ளிருக்கும் நொதியங்களே முடிவு செய்கின்றன. அக்கிளையில் பியூக்கோஸ் என்னும் ஒரு சர்க்கரை இல்லாது போனால், நோயுற்ற கலங்களைக் கொல்லும்படி நம் வெண்கலங்களைத் தூண்டும் ஆற்றல் மருந்துக்குப் பன்மடங்கு கூடுகிறது. இதனினும் கூர்மையான சான்று செற்றுக்சிமாப் என்னும் புற்றுநோய் மருந்தின் வரலாறு. எலிப் புற்றுக் கலங்களில் ஆக்கப்பட்ட அம்மருந்தை முதல்முறை ஏற்றியபோதே அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் நோயாளர் பலர் மூச்சடைத்து விழுந்தனர். எலியின் கலம் ஆல்பா-கல் என்னும் சர்க்கரையைப் புரதத்தில் பொருத்துகிறது. மனிதனின் மூதாதையர் அச்சர்க்கரையை ஆக்கும் திறனை மிகப் பழங்காலத்திலேயே இழந்துவிட்டனர். அப்பகுதியில் உண்ணி கடித்த மக்களின் உடம்பிலோ அச்சர்க்கரையைப் பகைக்கும் பிறபொருளெதிரி முன்னமே தோன்றியிருந்தது. 2008-இல் வெளியான அந்த ஆராய்ச்சியில், அதே பிறபொருளெதிரியை ஹாம்ஸ்டர்க் கலத்தில் ஆக்கிப் பார்த்தபோது அந்நோயாளரின் குருதி அதனைப் பகைக்கவில்லை. விதித்த அலகு ஒன்றே, நோக்கம் ஒன்றே, செய்பவரின் அறிவும் ஒன்றே. வேறுபட்டது கருவி மட்டும். அவ்வேறுபாடே பிழைப்பதற்கும் சாவதற்கும் இடைப்பட்ட வேறுபாடாயிற்று.

இவ்வுண்மையைக் கண்ணால் காண விரும்புகிறவர் கேகாலைப் பக்கத்து இறப்பர் மலை ஒன்றில் விடியற்காலையில் சென்று நிற்கலாம். நாற்றின்மேல் ஒட்டுக்கண் வைத்து வளர்த்த மரங்கள் அவை, ஆர்.ஆர்.ஐ.சி. 100 என்பது போன்ற எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரே தாய்மரத்தின் கண்களாதலால், ஒட்டுக்கு மேலே அம்மலையிலுள்ள மரங்கள் அனைத்தும் ஒரே பிறப்பு. ஆயினும் ஒரு மரத்தின் சிரட்டை நிரம்பி வழிய, அடுத்த மரத்தின் சிரட்டை பாதியிலே நிற்பதைக் காணலாம். அடியில் நிற்கும் நாற்று வேறு, மண் வேறு, சரிவு வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக வெட்டுகிற கை வேறு. பட்டையை வேண்டிய மட்டும் மென்மையாகச் சீவி, உள்ளே வளர்படைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வெளியே கத்தியை நிறுத்தத் தெரிந்த கைக்கு மரம் ஆண்டுக்கணக்காகப் பால் கொடுக்கும். ஆழம் தப்பிய கைக்கு மரம் முடிச்சுப் போட்டுத் தன் பட்டையைக் கெடுத்துக்கொள்ளும். நல்ல வெட்டுக்காரர் மாறிப் போனால் மரமும் மாறிப் போகும் என்பது தோட்டத்தில் எல்லாரும் அறிந்த செய்தி. கணக்குப் புத்தகத்திலோ மலையின் இலக்கமும், மரத்தின் வகையும், பாலின் நிறையும் எழுதப்படுகின்றன. வெட்டியவருக்கு எழுதப்படுவது ஒரு பேர், அதாவது ஒரு நாட்கூலி, அல்லது நிறை குறைந்தால் அரைப் பேர்.

இனி, சாஸ்திரத்துக்கு வருவோம். காரியம் காரணத்தினுள் முன்னமே உள்ளது என்னும் சற்காரியவாதத்தைச் சித்தாந்தம் ஏற்றுக்கொள்கிறது. அதனை மேலோட்டமாகப் பொருள் கொள்வோர், எல்லாம் வித்திலே இருக்கிறது, பிறப்பே குணத்தைத் தீர்க்கிறது என்ற முடிவுக்கு ஓடிவிடுகிறார்கள். அம்முடிவைக் கொண்டே குலத்தின் உயர்வு தாழ்வையும் நிலைநாட்டிவிடுகிறார்கள். ஆனால் அதே சித்தாந்தம், உயிரானது தான் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது என்று அதன் அருகிலேயே வைத்து உபதேசிக்கிறது என்பதை அவர்கள் நினைப்பதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டாரின் மரபில், உயிரின் இலக்கணங்களுள் தலையாயதாக இதுவே பேசப்படுகிறது: மலத்தைச் சார்ந்து மலமாகவும், சிவத்தைச் சார்ந்து சிவமாகவும் தோன்றுவது உயிர். உள்ளதே தோன்றும் என்பது உண்மை. ஆனால் எதைச் சார்ந்து தோன்றுகிறதோ அதன் வண்ணத்தோடு தோன்றும் என்பதும் உண்மை. உயிரைப் பற்றிச் சொன்ன இவ்விலக்கணம் கலங்களின் வேதியியலை முன்கூட்டிச் சொன்னது என்று நான் வாதிக்க வரவில்லை. அத்தகைய வாதங்கள் சாஸ்திரத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஒருங்கே இழிவு தருவன. சார்பை விலக்கிவிட்டுக் காரணத்தைப் பேசுவது குறைபட்ட அறிவு என்னும் ஒரு விவேகத்தை இரண்டும் தத்தம் வழியில் கற்பிக்கின்றன என்பதே நான் சொல்ல விழைவது.

இன்னொன்றும் நோக்கத் தக்கது. உலகப் படைப்புக்கு மாயை முதற்காரணம், சிவன் நிமித்த காரணம் என்று சொன்ன சித்தாந்திகள், துணைக்காரணத்தின் இடத்தில் யாரை வைத்தார்கள்? குயவனின் சக்கரத்துக்கு ஒப்பாக, சிவனின் சக்தியையே வைத்தார்கள். சக்தி சிவனுக்கு வேறானதன்று. நெருப்பும் சூடும் போலப் பிரிப்பின்றி நிற்பது. கருவியின் ஸ்தானத்தை இழிந்ததென்று அவர்கள் கருதியிருந்தால், தாம் வணங்கும் அன்னையை அந்த ஸ்தானத்தில் வைத்திருக்க மாட்டார்கள். நம்மோடு இதே மலைநாட்டில் அண்டை அயலாக வாழும் பௌத்தர்களின் அபிதர்மமும் இதற்கு அயலானதன்று; பட்டானம் என்னும் நூலில், ஒன்று மற்றொன்று தோன்றுவதற்கு உதவும் முறைகளை இருபத்து நான்கு வகைப் பிரத்தியயங்களாக விரித்து, மூலமாய் நின்று உதவுவதும், ஆதாரமாய்த் தாங்குவதும், முன்னே தோன்றிக் காத்திருப்பதும், உடன் தோன்றிக் கைகொடுப்பதும் என ஒவ்வொன்றையும் தனித்தனியே பெயரிட்டு எண்ணுகிறார்கள். எதையும் தனிக்காரணம் என்று சிங்காசனம் ஏற்றாமல், துணை நின்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுக்கும் அந்தப் பொறுமை போற்றத் தக்கது.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழும். கலத்துக்கு அறிவில்லை, நோவில்லை. அதற்குக் கடன்பட்டோம் என்பது சொல்லலங்காரமன்றி வேறென்ன என்பது ஒன்று. இது நியாயமான ஆட்சேபம். தொட்டியில் மிதக்கும் கலம் துன்புறுகிறது என்று கொள்ள நமக்கு யாதோர் ஆதாரமும் இல்லை. தாய் ஹாம்ஸ்டர் இறந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னும் பெருகிக்கொண்டிருக்கும் அதனை ஒரு ஜீவன் என்பதா, பல ஜீவன்கள் என்பதா, வெறும் சடம் என்பதா என்று துணிவதும் எளிதன்று. கடன் என்பது துன்புறவும் மகிழவும் கூடிய ஒருவருக்கே செலுத்தத் தக்கது. ஆகவே கலம் நமக்குக் கற்பிப்பது அறிவை. கருவி தன் குணத்தைக் காரியத்தில் பதிக்கிறது என்னும் அறிவை. அவ்வறிவைப் பெற்றபின், துன்புறக் கூடிய கருவிகள்பால் நம் பார்வை திரும்பும்போதுதான் அது கடமையாகிறது. குதிரையை விடுத்துக் கலத்தைப் பற்றியது அகிம்சையின் வழியில் ஒரு முன்னேற்றமென்றே நான் துணிவேன். முற்காலத்தில் இக்கலங்களுக்கு உணவாகப் பசுவின் வயிற்றுக் கன்றின் குருதித் தெளிவு வேண்டியிருந்தது. இன்று பிராணிகளின் பொருள் எதுவும் கலவாத உணவிலேயே அவற்றை வளர்க்கப் பழகியிருக்கிறார்கள். வெறிநாய்க் கடிக்குக் குதிரைத் தெளிவுக்கு மாற்றாகக் கலத்தில் ஆக்கிய பிறபொருளெதிரி இந்தியாவில் சில ஆண்டுகளாகக் கிடைக்கிறது. பாம்பு நஞ்சுக்கு அவ்வாறு இன்னும் வரவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தாரும் அமெரிக்க ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தாரும் கூடி 2024-இல் வெளியிட்ட ஒரு பிறபொருளெதிரி, நாகம், கட்டுவிரியன் முதலியவற்றின் நஞ்சிலுள்ள ஒருவகை நரம்பு விஷத்தை எலிகளில் முறித்தது என்பது நம்பிக்கை தரும் செய்தி. விரியன்களின் நஞ்சுக்கு அது விடையாகாது. கலத்தில் ஆக்கிய மருந்து வரும்வரை குதிரையே நம் பிள்ளைகளைக் காக்கும். காக்கும் பிராணிக்குப் போதிய ஓய்வும், நல்ல உணவும், பயன் தீர்ந்த பின் அடித்துத் துரத்தாத தொழுவமும் உரிமையாக உண்டு.

மற்றோர் ஆட்சேபம்: கருவிக்கெல்லாம் பங்கு கொடுத்தால் செய்தவனின் பொறுப்புக் கரைந்துவிடாதா என்பது. கரையாது, கனக்கும். கருவி பேசாப் பொருளன்று என்று அறிந்த நிமித்த காரணனுக்கு, எந்தக் கருவியைத் தெரிந்தான், அதனை எவ்வாறு நடத்தினான் என்னும் இரு வினாக்களுக்கும் விடை சொல்லும் பொறுப்புப் புதிதாகச் சேர்கிறது. எலிக் கலத்தின் சர்க்கரை நோயாளியைத் தாக்கியபோது, விதி சரியாகத்தானே இருந்தது என்று மருந்து செய்தோர் தப்பித்துக்கொள்ள இயலாது.

மனிதர்களிடத்து இப்பொறுப்பு எவ்வளவு காலம் மறக்கப்பட்டது என்பதற்கு இதே தொழிலின் வரலாற்றிலேயே ஒரு சாட்சி உண்டு. 1951-இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகர ஆஸ்பத்திரியில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து, அவரிடம் கேளாமலே எடுக்கப்பட்ட கலங்கள், ஹீலா என்ற பெயரில் உலக ஆராய்ச்சிக் கூடங்களெல்லாம் பரவின. ஹாம்ஸ்டர்க் கலத்தை வளர்த்த அதே பக் என்பவர், தனித்த ஒரு மனிதக் கலத்திலிருந்து ஒரு வமிசத்தையே எழுப்பும் வித்தையை 1955-இல் கண்டறிந்தது லாக்ஸின் கலங்களைக் கொண்டே. புகையிலைத் தோட்ட வேலையில் வளர்ந்த அந்தத் தாய், ஐந்து பிள்ளைகளை விட்டு அவ்வாண்டே இறந்தார். தங்கள் தாயின் கலங்கள் உயிரோடு விற்பனையாகின்றன என்பதை அக்குடும்பம் அறிந்தது 1970-களில். ஒரு கம்பனியோடு வழக்காடி உடன்பாடு கண்டது 2023-இல். பயன் கண்டவர்கள் பலர். பயன்பட்டவரின் பெயரைக்கூட நெடுங்காலம் திரித்தே எழுதினார்கள்.

நம் மலைகளின் கதை இதற்குத் தொலைவானதன்று. தென்னிந்தியாவிலிருந்து வந்து, காட்டை வெட்டிக் கோப்பியும், பின்னர்த் தேயிலையும் இறப்பரும் நட்டு, இந்நாட்டின் செல்வத்தைத் தம் முதுகில் ஏற்றி இறக்கிய மக்களை, 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இத்தனை இலட்சம் பேர் அங்கே, இத்தனை இலட்சம் பேர் இங்கே என்று அவர்களைத் தலைக்கணக்கில் பங்கிட்டது; எஞ்சியிருந்த நாடற்றோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003-இல் தான் வந்தது. தேயிலையின் சுவைக்கு மண்ணும் மழையும் தாய்ச்செடியும் காரணம் என்று விளம்பரங்கள் சொல்லும். இரண்டு இலையும் ஒரு குருத்தும் பிசகாமல் விரல் நுனியில் தேர்ந்த பெண்ணின் பங்கு சொல்லப்படுவதில்லை. அவள் பழகிய விரல் தளர்ந்தால் முற்றிய இலை கூடையில் சேரும். முற்றிய இலை சேர்ந்தால் தொழிற்சாலையில் எந்த வித்தையாலும் அச்சுவையை மீட்க முடியாது. கருவியென்று எண்ணப்பட்டவள் காரியத்தின் உள்ளே இருக்கிறாள்.

இதனால் பெறப்படுவது யாது? நன்றி என்பது மனம் நெகிழ்ந்து சொல்லும் ஓர் உபசார வார்த்தையன்று. காரணத்தைச் சரியாக அறிந்த அறிவின் மறுபெயர் அது. யார் யார் துணை நின்றதால் இப்பொருள் இவ்வண்ணம் வந்தது என்று முழுமையாக அறிந்தவன், நன்றி கூறாதிருக்க முடியாது. நன்றி கொன்றவன் முதலில் அறிவிலே குறைபட்டவன். இவ்வறிவைக் கொண்டு சப்ரகமுவவின் தோட்டங்களைப் பார்ப்போமாயின், செய்ய வேண்டியவை தெளிவாகவே தெரிகின்றன. விடியுமுன் சருகில் கால் வைக்கிறவருக்கு முழங்கால் வரை மூடும் சப்பாத்தும், கையில் ஒரு விளக்கும் வேண்டும். பாம்பு தீண்டினால் லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தாமதமின்றிக் கொண்டுசெல்ல வாகனமும் பாதையும் வேண்டும். கோப்பி விரியனின் நஞ்சுக்கு இம்மண்ணின் பாம்பைக் கொண்டே மருந்து காணும் முயற்சிக்கு அரசு பொருளுதவி செய்ய வேண்டும். வெட்டிய கையின் தேர்ச்சிக்குக் கூலியில் இடம் வேண்டும். இவற்றைத் தருமம் என்று கேட்பது பொருந்தாது. ஆக்கத்தில் பங்குடையவர், தம் பங்கைக் கேட்கிறார்கள். கலத்தின் குணத்தைக் கேட்டறிந்து, அதற்கு வேண்டிய சூடும் உணவும் கணத்துக்குக் கணம் அளந்து கொடுக்கக் கற்ற மனித அறிவுக்கு, தன்னைப் போலவே பேசவும் நோகவும் தெரிந்த மனிதரின் தேவையைக் கேட்டறிவது இயலாத காரியமன்று. சிவனொளிபாதத்தை நோக்கி இரத்தினபுரி வழியாக ஏறுகிற சைவரும் பௌத்தரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் தத்தம் கடவுளிடமும் குருவிடமும் கேட்கும் வரங்கள் பல. துணை நின்றவரைக் காணும் கண்ணையும், கண்டபின் கடனைத் தீர்க்கும் மனவுறுதியையும் அவற்றுள் முதலாவதாக வேண்டுவோமாக.